அவரவர் கையெழுத்து

குளிர்தொட்டியில் இரண்டு நாள் கிடந்த பாலில் கொழுப்பெல்லாம் மேலே ஏறி நிற்கும். முதலில் மூடியைத் திறந்து மோந்து பார்க்க வேண்டும். பிறகு அளவுகோலை இறக்கி அளக்க வேண்டும். அப்புறம் கலக்கியை ஐந்து நிமிடம் ஓடவிட்டால்தான் சாம்பிள் எடுக்கலாம். பத்தொன்பது வருடமாகப் பால் டேங்கர் ஓட்டுகிற ரோண்டா பிரெக்கி அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு நொடியைக்கூடக் குறைத்ததில்லை. மழையோ பனியோ, தொட்டியின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவாள்.

ஜனவரி முதல் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய சொந்தப் பண்ணையின் பால் அறை அது. அன்றைய சுற்றில் முதல் தொட்டி. வெளியே குளிர் பூஜ்ஜியத்துக்குப் பதினேழு டிகிரி கீழே போயிருந்தது. வீட்டுப் பக்கமிருந்து, மேல்கோட்டுகூடப் போடாமல், காகிதக் கட்டை மார்போடு அணைத்தபடி பாங் ஷியோங் ஓடி வந்தாள்.

"ரோண்டா, இங்க பாருங்க. ஜாய்ஸ் ஸ்டென்ஸ்ருட், மெர்ல் ஸ்டென்ஸ்ருட். ரெண்டும் ஒரே கை எழுதினது."

"ஆமா, ஜாய்ஸ் போட்டா."

"மெர்லுக்குமா?"

"மெர்ல் தொழுவத்துல இருந்தார். கறவை நேரம்."

"அப்ப இது? ஓல்சன் வீடு?"

"வெர்னனும் தொழுவத்துலதான் இருந்தார்."

பாங் கண்ணை மூடித் திறந்தாள். "எத்தனை வீட்டுல இப்படி?"

ரோண்டா யோசித்தாள். ஒரு கை விரல்கள் தீர்ந்து, மறு கைக்குப் போனாள்.

எங்கள் பக்கத்தில் ஆண்கள் கையெழுத்துப் போடுவதில்லை. கறக்கிற கை எப்போதும் ஈரம்; ஈரமில்லாத நேரம் எண்ணெய்க் கறை. பள்ளிக்கூடச் சீட்டு, தீவன ரசீது, கிறிஸ்துமஸ் வாழ்த்து எல்லாவற்றிலும் இரண்டு பெயரையும் பெண்களே எழுதிவிடுவார்கள். வெர்னன் ஓல்சன் கடைசியாகக் கையெழுத்துப் போட்டது சர்ச்சில், கல்யாணப் பதிவேட்டில் என்று சொல்வார்கள். இதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. ஆனால் வேட்புமனுவை முன்மொழிகிறவர் தன் பெயரைத் தன் கையால்தான் எழுத வேண்டும். ஐம்பது கையெழுத்து வேண்டும். ரோண்டா அறுபத்து நாலு வாங்கி, நிறையவே இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தாள்.

"முப்பத்தொண்ணு போச்சு," என்றாள் பாங் எண்ணி முடித்து. "முப்பத்து மூணுதான் தேறுது. இன்னும் பதினேழு வேணும். இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு கோர்ட் கட்டடத்துல மனு வாங்குற கிளார்க் ஜன்னலைச் சாத்திடுவாங்க."

பாங் மூன்று மணி நேரம் கார் ஓட்டி மாநிலத் தலைநகரத்திலிருந்து முந்தின நாள் வந்தவள். முப்பத்தொரு வயது. லாவோஸ் மலையிலிருந்து வந்து இங்கே வேரூன்றிய மோங் குடும்பத்துப் பெண். உள்ளூர்ப் பதவிகளுக்குப் பெண்களைத் தேடிப் பிடித்து, பழக்கி, தேர்தலில் நிறுத்துகிற 'அடுத்த நாற்காலி' என்ற அமைப்பில் வேலை பார்க்கிறாள். எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், யாரை நிறுத்தலாம் என்று போன செப்டம்பரில் தீவனக் கடைக்குத்தான் முதலில் போன் செய்தாள். "ஒருநாள் விட்டு ஒருநாள் எல்லார் வாசலுக்கும் போறவ ஒருத்திதான் இருக்கா," என்று கடைக்காரி யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

ரோண்டா முதலில் சிரித்தாள். பிறகு பிளம் ஓடைப் பாலத்தை நினைத்துக்கொண்டாள். இரண்டு வருடமாக அந்தப் பாலத்தில் ஆறு டன்னுக்கு மேல் போகக் கூடாது என்று பலகை தொங்குகிறது. டேங்கர் பத்தொன்பது மைல் சுற்றிப் போகிறது. பாலத்துக்கு அப்பால் இருக்கிற ஐந்து பண்ணைகளில் மே மாதத்தோடு பால் எடுப்பதை நிறுத்தப் போவதாகப் பால் ஆலை கடிதம் போட்டுவிட்டது. அந்த ஐந்தில் ஒன்று ரோண்டாவும் அவள் கணவன் லைலும் வைத்திருக்கும் பண்ணை, நாற்பத்திரண்டு மாடு. பாலத்தைச் செப்பனிடும் தீர்மானம் கவுண்டி சபையில் மூன்று தடவை வந்து, மூன்று தடவையும் நாலுக்கு மூன்று என்று தோற்றது. அந்த நாலில் ஒருவர் எங்கள் வார்டின் கார்டன் ஸ்கார். இருபத்திரண்டு வருடமாக அவரை எதிர்த்து ஒருவர்கூட நின்றதில்லை. ரோண்டா நிற்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

பாங் எண்ணிய தாள்களில் மேல் தாளுக்குத் திரும்பினாள். குரல் தயங்கியது. "லைல் பிரெக்கி. இதுவும் உங்க கைதானா?"

தொழுவத்துக் கதவு திறந்தே இருந்தது. வாளியோடு உள்ளே வந்த லைல் அதைக் கேட்டுவிட்டார்.

"என் பேரா?" என்றார். நெட்டையான, அதிகம் பேசாத மனிதர். "கார்டனுக்கு எதிரா என் பேரைப் போட்டியா?"

"எல்லாத்துலயும் நான்தானே போடுறேன்."

"தீவன ரசீதுல போடு. இதுல எப்படிப் போடுவே?" வாளியைக் கீழே வைத்தார். "நம்ம தொழுவம் பனி பாரத்துல இடிஞ்ச அன்னைக்கு யாரு வந்தா? கூப்பிடாமலே வண்டியைக் கொண்டாந்தாரு. நாப்பத்திரண்டு மாடு. ஏழு வாரம் தன் தொழுவத்துல கட்டிக்கிட்டாரு. வைக்கோலுக்குக்கூட ஒரு காசு வாங்கல அந்த மனுஷன்."

"எனக்கு மறக்கல லைல். மே மாசம் பால் எடுக்கலேன்னா அதே நாப்பத்திரண்டையும் எங்க ஓட்டிட்டுப் போவே?"

லைல் தரையைப் பார்த்தார். "அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. ஆனா அந்தப் பேரை அடிச்சிடு."

ரோண்டா பேனாவை வாங்கி, கணவன் பெயரின் மேல் நேர்கோடாக ஒரு கோடு கிழித்தாள். கலக்கி நின்றது. இருபத்தாறு வருடத்தில் அவர்கள் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளாமல் பிரிந்த காலை அது ஒன்றுதான்.

டேங்கரில் கூட ஒருவரை ஏற்றிக்கொள்ள ஆலையின் அனுமதிச் சீட்டு இருந்தது; புது டிரைவர்களைப் பழக்குவதற்காகக் கொடுத்தது. "இன்னைக்கு நீதான் புது டிரைவர்," என்று சொல்லிப் பாங்கை ஏற்றிக்கொண்டாள். லைலின் பழைய கம்பளிக் கோட்டு அவளை முழங்கால்வரை மூடியது.

அடுத்தது மெர்ல் ஸ்டென்ஸ்ருட் பண்ணை. ரோண்டா மோந்தாள், அளந்தாள், கலக்கியைத் தட்டினாள். மெர்ல் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். ரோண்டா பனியைப் பற்றிப் பேசினாள். டீசல் உறைவதைப் பற்றிப் பேசினாள். மெர்லின் மகள் புதிதாக வாங்கியிருக்கும் வீட்டுக் கூரையைப் பற்றியும் பேசினாள். கலக்கி நின்றது. சாம்பிளை எடுத்துக்கொண்டு, பாலை இழுத்து ஏற்றி, குழாயைச் சுருட்டி வண்டிக்கு வந்தாள்.

"கேட்டீங்களா?" என்றாள் பாங்.

"சந்தர்ப்பம் வரல."

"ஜன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் இருந்தேன். பனியைப் பத்தியே நாலு நிமிஷம் பேசினீங்க. நூலகத்து அடித்தளத்துல ரெண்டு சனிக்கிழமை பதினாலு பேரை உக்கார வச்சு என்ன சொன்னேன்?"

"நேராக் கேளு, கேட்டுட்டு வாயை மூடு."

"போங்க திரும்பி."

ரோண்டாவுக்குப் பனிப்பாதையில் டேங்கரைப் பின்னால் எடுப்பது சுலபம், இதுதான் கஷ்டம். எங்கள் ஊரில் யாரும் எதையும் நேராகக் கேட்பதில்லை, கொடுத்தாலும் உடனே வாங்குவதில்லை. காப்பி வேணுமா என்றால் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்றாவது தடவை "மிச்சம் இருந்தா அரைக் கோப்பை" என்பதுதான் மரியாதை. டிசம்பர் முழுக்க அவள் கையெழுத்து வாங்கியதும் அப்படியே. தாளை கேக் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த வீட்டுப் பெண் தானாகப் பார்த்துப் போடுவாள். கூடவே புருஷன் பெயரையும்.

அவள் திரும்பிப் போனாள். "மெர்ல், உங்க பேரை உங்க கையாலயே போடணும். போடுவீங்களா?"

வாயை மூடிக்கொண்டாள்.

 மெர்ல் கையைப் பார்த்தார். "ஈரமா இருக்கே."

ரோண்டா தாளை நீட்டியபடியே நின்றாள்.

"ஜாய்ஸ்தான் ஏற்கெனவே போட்டுட்டாளே?"

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"பேனாகூட உறைஞ்சிருக்கும்."

ரோண்டா கோட்டுக்குள் கையை விட்டு, அக்குளில் இடுக்கி வைத்திருந்த பேனாவை எடுத்து நீட்டினாள். மெர்ல் அதன் சூட்டில் கொஞ்சம் திடுக்கிட்டார். சட்டையில் கையை இரண்டு தடவை துடைத்துக்கொண்டு தொட்டி மூடிமேல் தாளை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். எழுதிய பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"பரவால்லயே," என்றார். அப்புறம் தொழுவத்தைப் பார்த்துக் கத்தினார்: "டே கோரி! வந்து உன் பேரைப் போடுடா. உங்கம்மாவைக் கூப்பிடாத, உன் கையாலயே போடணுமாம்!"

இரண்டு.

அன்றைக்கு அந்தப் பாதையில் பாலைவிட வேகமாகப் பேச்சு ஓடியது. டேங்கர் போவதற்கு முன்னால் போன் போய்விட்டிருந்தது. ஓல்சன் வீட்டில் வெர்னன், தொழுவ ஜன்னலில் படிந்த உறைபனியில் விரலால் தன் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். அவர் மனைவி டார்லா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு உன் எழுத்தைப் பாக்குறேன். என் கையெழுத்துதான் உன் பேருக்கு அழகா இருக்கு."

"சும்மா இரு. கவனம் சிதறுது."

ஆறாவது பண்ணையில் ஆர்வின் முடியாது என்றார். "பாலம் கட்டினா வரி ஏறும், ரோண்டா. உன்னைப் பிடிக்கும், உன் பாலத்தைப் பிடிக்கல."

"நேராச் சொன்னதுக்கு நன்றி, ஆர்வின்."

"நீ நேராக் கேட்டதுலதான் நானும் பயந்துபோய் நேராச் சொல்லிட்டேன்," என்றவர், ரோண்டா மறுக்க மறுக்க மூன்று துண்டு கேக்கைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

மதியம் வண்டியை ஓரம் கட்டிச் சாப்பிட்டார்கள். ரோண்டாவிடம் மான்கறி சாசேஜும், வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டிய உருளைக்கிழங்கு ரொட்டியும் இருந்தன. பாங் ஒரு பையிலிருந்து ஒட்டரிசிச் சோற்றையும் இடித்த பச்சை மிளகாயையும் எடுத்தாள். ரோண்டா சாசேஜை மிளகாயில் தோய்த்து வாயில் போட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அம்மாடி! இதை வச்சு உறைஞ்ச டீசலை உருக்கலாம்."

பாங் சிரித்தாள். "எங்கம்மாவுக்கு இது காரமே இல்ல."

"உனக்கு ஏன் இந்த வேலை? நீயே நிக்கலாமே?"

"நின்னேன். பள்ளிக்கூட போர்டுக்கு, நாலு வருஷம் முன்னாடி. நாலு ஓட்டுல தோத்தேன். கடைசி நாள் எங்க தெருவுல ஒரு வரிசை வீட்டை விட்டுட்டேன். கேக்க வெக்கமா இருந்துச்சு. அந்த வரிசையில ஏழு ஓட்டு இருந்துச்சு." சோற்றை உருட்டினாள். "அப்புறம்தான் மத்தவங்களுக்குச் சொல்லிக்குடுக்க வந்தேன்."

ரோண்டா கியரைப் போட்டாள்.

மூன்று மணிக்குப் பதினைந்து சேர்ந்திருந்தது. மொத்தம் நாற்பத்தெட்டு. மீதி ஒரே ஒரு பண்ணை. பாங் வழிக் குறிப்பைப் பார்த்தாள். பெயரைப் படித்ததும் ரோண்டாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள் ரோண்டா. "அவர் பாலையும் நான்தான் எடுக்குறேன்."

கார்டன் ஸ்கார் பால் அறை வாசலில் கடப்பாரையால் ஐஸை உடைத்துக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயதிலும் தோள் இறங்காத மனிதர்.

"வா பொண்ணே. காலையிலிருந்து ஊரெல்லாம் எழுதப் படிக்கக் கத்துக்குடுக்கறியாமே."

"தப்பு எம்மேலதான். அதைத் திருத்திக்கிட்டிருக்கேன்."

"அந்தப் பழைய தாளை அப்படியே குடுத்திருந்தா நானே ஆட்சேபம் போட்டுருப்பேன். ஜாய்ஸ் எழுத்து எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புறா."

ரோண்டா அளந்தாள், கலக்கியைப் போட்டாள். ஐந்து நிமிடம். இந்த அறையில்தான் லைலின் மாடுகளின் பால் ஏழு வாரம் தனித் தொட்டியில் கிடந்தது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கார்டனும் சுவரைப் பார்த்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு அவர் மனைவி ஆர்லீன் வந்தாள். ஏப்ரன் முழுக்க மாவு.

"எங்க அந்தத் தாள்?"

கார்டன் திரும்பினார். "எதுக்கு?"

"இருபத்திரண்டு வருஷமா செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை நீ சபைக் கூட்டத்துக்குப் போயிடறே, நான் தனியாச் சாப்பிடறேன். சூடு பண்ணிச் சூடு பண்ணியே என் அடுப்பு தேஞ்சுபோச்சு. குடு ரோண்டா."

"ஆர்லீன்!"

"உன் பேரை ஒண்ணும் போடல. பயப்படாத. என் பேரு மட்டும்தான்."

போட்டுவிட்டு, விரலை வைத்து வரிகளை எண்ணினாள். "நாப்பத்தொம்போது. இன்னும் ஒண்ணா? ஏன், லைல் எங்க?"

ரோண்டா தாளை வாங்கி மடித்தாள்.

"அவருக்கு..." என்றாள் ரோண்டா. "தொழுவம் இடிஞ்சப்ப நீங்க செஞ்சதை அவரால மறக்க முடியல. போட மாட்டேன்னுட்டாரு. நானும் வற்புறுத்தல."

கார்டன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஐஸ் உடைகிற சத்தம் பலமாகக் கேட்டது, அப்புறம் நின்றது.

கவுண்டித் தலைமை ஊரின் கோர்ட் கட்டடத்துக்கு முன்னால், வயிறு நிறையப் பாலோடு ஒரு டேங்கர் நிற்பதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. வழியில் தட்டிய இரண்டு வீடும் பூட்டிக் கிடந்தன; மணி நாலு இருபத்தைந்து ஆகியிருந்தது. கிளார்க் டயான் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள்; அடித்த வரிகளை விட்டு மற்றதை எண்ணினாள்.

"நாப்பத்தொம்போது, ரோண்டா."

"தெரியும்."

"வராந்தாவுல ஆள் இருக்கு. ஆனா எல்லாம் டவுன்காரங்க. வேற வார்டு. உங்க வார்டு ஆள்தான் வேணும்."

"அதுவும் தெரியும்."

வார்டின் மிக அருகிலிருக்கிற வீட்டுக்குப் போய்வர அரை மணிக்கு மேல் ஆகும். பாங் தன் காரை ரோண்டா வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். போனை எடுத்து நீட்டினாள். "கூப்பிடுங்க. லைலைக் கேளுங்க."

"அவர் கறவையில இருப்பார். நாலு மணிக்குக் கறவை. இருபத்தாறு வருஷத்துல ஒரு நாள் தள்ளிப் போட்டதில்ல. எங்கம்மா சாவுக்குக்கூடக் கறந்துட்டுத்தான் வந்தாரு." அவள் போனை வாங்கவில்லை. "காலையில அவர் பேரை அவரைக் கேக்காமப் போட்டேன். மறுபடியும் பிடிச்சு இழுக்க மாட்டேன்."

நாலரை. நாலு நாற்பது. டயான் செய்வதறியாமல் பென்சில்களைக் கூராக்கினாள்.

நாலு நாற்பத்தாறுக்கு வாசல் கதவு திறந்தது. பளிங்குத் தரையில் ரப்பர் பூட்ஸ் சத்தம் வந்தது. கூடவே தொழுவத்து வாசனையும். லைல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். வழுக்கையில் வியர்வை.

"மாடு?" என்றாள் ரோண்டா.

"நிக்குது. கத்திக்கிட்டுத்தான் நிக்குது." மூச்சு வாங்கியது அவருக்கு. "கார்டன் போன் பண்ணாரு. திட்டினாரு. 'நான் உன் மாட்டுக்குத்தான்டா இடம் குடுத்தேன், உன் ஓட்டுக்கு இல்ல'ன்னாரு. 'என் பொண்டாட்டியே போட்டுட்டா, நீ நன்றிக்கடன்னு சொல்லி என்னை ஜெயிக்க வைப்பியா? அப்படி ஒரு ஜெயிப்பு எனக்கு வேணாம். நான் அவளை ஓட்டுல ஜெயிக்கிறேன்'ன்னாரு."

ரோண்டா தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பேனாவை வைத்தாள். சொல்ல எத்தனையோ இருந்தன. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"லைல், உன் பேரைப் போடுவியா?"

வாயை மூடிக்கொண்டாள்.

லைல் குனிந்து, மேல் தாளில் காலையில் அவள் அடித்த தன் பெயரைப் பார்த்தார். அதன் மேல் கட்டைவிரலால் ஒரு முறை தடவினார். பிறகு ஐம்பதாவது வரியில் எழுதினார். கோணல்மாணலாக, பெரிய எழுத்தில், பக்கத்து வரியையும் கொஞ்சம் தொட்டுக்கொண்டு.

டயான் முத்திரையைத் தூக்கிக் குத்தினாள். வராந்தாவில் காத்திருந்த டவுன்காரர்கள் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்கள்.

"வீட்டுக்குப் போ," என்றாள் ரோண்டா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மாடு கத்துது."

"நீயும் போய்ப் பாலை இறக்கு. புளிச்சுடும்," என்றார் லைல். போகும்போது, எல்லார் முன்னாலும், மனைவியின் நெற்றியில் முத்தமிட்டார். எங்கள் பக்கத்தில் அது கொஞ்சம் அதிகம்.

ஏப்ரலில் ரோண்டா இருபத்தேழு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். முதல் போன் கார்டனுடையது. "ஆர்லீன் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கோழி வறுக்கப் போறாளாம். சந்தோஷமா இரு," என்று சொல்லி வைத்துவிட்டார். இரண்டாவது பாங்.

அவள் கூச்சலிட்டு ஓய்ந்த பிறகு ரோண்டா கேட்டாள். "பள்ளிக்கூட போர்டுக்கு மறுபடியும் நிப்பியா?"

வாயை மூடிக்கொண்டாள். 

"இது அநியாயம்," என்றாள் பாங். அப்புறம், "சரி. நிக்கிறேன். அந்த விட்டுப்போன வரிசை வீட்டுலருந்து ஆரம்பிக்கிறேன்."

முதல் கூட்டத்திலேயே பாலத் தீர்மானம் நாலுக்கு மூன்று என்று தேறியது. வேலை தொடங்கியதும் ஆலை தன் மே மாதக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அக்டோபரில், மேப்பிள் மரங்கள் சிவந்து நின்ற ஒரு காலையில், பலகையைக் கழற்றினார்கள். அன்றைக்கே ரோண்டா டேங்கரைப் பிளம் ஓடைமேல் ஓட்டினாள். சக்கரங்கள் புதுக் கான்கிரீட்டில் ஏறி இறங்கின. ஓடை கீழே தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் நாலு பண்ணைக்காரர்கள் வேலியோரம் நின்று, கை அசைக்கக் கூச்சப்பட்டு, தொப்பியை மட்டும் தொட்டார்கள். அவள் ஹாரனை இழுத்துப் பிடித்து, வீட்டு வாசல் வரைக்கும் விடவேயில்லை.

லைல் பதறிக்கொண்டு தொழுவத்திலிருந்து ஓடிவந்தார். கை முழங்கைவரை ஈரம்.

"என்ன இவ்வளவு சீக்கிரம் வந்துட்டே? கறவையே முடியல."

"பத்தொன்பது மைல் குறைஞ்சு போச்சு. பழகிக்கோ."

மோந்தாள், அளந்தாள், ஐந்து நிமிடம் கலக்கவிட்டாள், சாம்பிள் எடுத்தாள். பால் எடுத்த சீட்டை எழுதி, கீழே பண்ணைக்காரர் கையெழுத்து என்ற இடத்தில், பழக்கத்தில், லைல் என்று எழுதப் பேனாவை வைத்தாள்.

"குடு இங்க," என்றார் லைல்.

சட்டையில் இரண்டு தடவை கையைத் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கினார்.